இருபத்தோரு ‘இல்லை’

சகாதேவன் என் முன்னால் வந்து உட்கார்ந்த அன்று நான் நாற்பத்து மூன்று பேரிடம் கேட்டு முடித்திருந்தேன். தொண்டை கட்டியிருந்தது, பசி வேறு. புரட்டாசி மாத வெயில் சமுதாயக் கூடத்தின் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அன்று நான் இருந்த நிலைமை அது, அவ்வளவுதான்.

என் பெயர் செந்தமிழ். சொந்த ஊர் வானூர் பக்கம். நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இரண்டு வருடம் இருந்து, கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆய்வுப் பணியாளராகச் சேர்ந்தேன். காதுக்குள் சத்தம் கேட்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை. வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோதும் சிலருக்குக் காதுக்குள் ஓயாமல் ஏதோ ஒன்று கூவிக்கொண்டே இருக்கும். ரத்தம் எடுத்தோ படம் பிடித்தோ அதைப் பார்க்க முடியாது. அதை அனுபவிக்கிறவர் சொன்னால்தான் உண்டு. அதனால் கேள்வித்தாள்தான் ஒரே வழி. மொத்தம் இருபத்தைந்து கேள்வி. ஆமாம் என்றால் நான்கு மதிப்பெண், சில நேரம் என்றால் இரண்டு, இல்லை என்றால் பூஜ்யம். முப்பத்தெட்டுக்கு மேல் வந்தால் புதுச்சேரியில் இலவச சிகிச்சையும், காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன கருவியும். அந்தக் கருவி மெதுவாக மழை பெய்வதுபோல ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற சத்தம் அதில் அமுங்கிப்போகும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார்.

எங்கள் மேற்பார்வையாளர் வைஜெயந்தி மேடம் பயிற்சியின்போது ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார். அச்சில் இருப்பதை அப்படியே படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது, குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது, அவர்கள் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. என் தாள்களில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. அதற்காக இரண்டு முறை பாராட்டுகூட வாங்கியிருக்கிறேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போது எனக்கே என் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

சகாதேவனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மரக்காணம் உப்பளத்தில் இன்ஜின் ஓட்டுகிறவர். நிலத்தடி உப்புத் தண்ணீரை டீசல் இன்ஜின் போட்டு இறைத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்ச வேண்டும். தகரம் போட்ட ஒரு கொட்டாய், நடுவில் அந்த இன்ஜின், பக்கத்தில் இவர். இப்படியே முப்பத்தோரு வருடம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆள் ஒல்லி, சுத்தமாகச் சவரம் செய்த முகம், சட்டையில் மட்டும் போகாத டீசல் கறை. காதுக்குள் பத்து வருடமாக ‘கூ’ என்று ஒரே சத்தம் என்றார். குக்கர் விசில் அடிக்கத் தொடங்கி நிற்காமலே போனால் எப்படியோ அப்படி என்றார்.

நான் படித்தேன், அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். மற்றவர்கள் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஆள் இல்லை. கேட்டதற்குக் கேட்ட அளவில் பதில். சத்தத்தினால் புத்தகம், செய்தித்தாள் படிக்கச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குப் படிக்கவே தெரியாது, பிறகு என்ன சிரமம்? இல்லை என்றார். ஓட்டலுக்கோ சினிமாவுக்கோ போக முடியாமல் ஆகிறதா? அவர் எங்கே போனார்? இல்லை. வீட்டாரிடம் எரிந்து விழுகிறீர்களா? வீட்டில் இருப்பதே கொஞ்ச நேரம்தான் என்று சிரித்துவிட்டு, இல்லை என்றார். வேலை செய்ய முடியாமல் போகிறதா என்று கேட்டதற்கு, வேலையில் இருக்கும்போதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அதற்கும் இல்லை என்ற கட்டத்தில்தான் கோடு போட வேண்டும், போட்டேன். தூக்கம் கெடுகிறதா என்றேன்.

“அதெல்லாம் நல்லா தூங்குறேன்மா. படுத்தன்னா அடிச்சிப் போட்ட மாரி தூங்கிடுவேன்.”

எங்கே படுத்தால் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி தாளில் இல்லை.

எல்லாம் முடிந்து கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கும்போது அவர் ஒன்று கேட்டார். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதுவது யோக்கியமில்லை.

“ஏம்மா, இந்த வருசத்தோட இன்ஜின எடுத்துட்டு சோலார் மோட்டார் போடப் போறாங்களாம். அத்தப் பத்தி கேள்வி ஒண்ணும் இல்லியா இதுல?”

அதை உங்கள் முதலாளியிடம் கேளுங்கள் அண்ணா என்றேன். பக்கத்து மேஜையில் இருந்த பெண்கூடச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு எழுந்தார். மூன்று ‘ஆமாம்’, ஒரு ‘சில நேரம்’, இருபத்தோரு ‘இல்லை’. மொத்தம் பதினான்கு மதிப்பெண். ‘லேசான பாதிப்பு, சிகிச்சை தேவையில்லை’ என்ற சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நான் அவரை மறந்தேபோனேன். மாசி மாதத் தொடக்கத்தில் அவர் மனைவி அம்சவள்ளி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவரும் உப்பளக் கூலிதான், பாத்தியில் உப்பு வாருகிறவர். காலில் உப்பு அரித்த வெடிப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

சகாதேவன் பத்து வருடமாக வீட்டில் படுப்பதே இல்லையாம். கொட்டாயில் ஓடுகிற இன்ஜினுக்கு இரண்டு அடி தள்ளிப் பலகை போட்டுப் படுப்பாராம். ஊரெல்லாம் அந்தச் சத்தத்தைக் கண்டு ஓடும்போது, இவருக்கு அதுதான் தாலாட்டு. இன்ஜின் சத்தத்தில் காதுக்குள் இருக்கிற விசில் அடங்கிவிடும். அதனால் இரவுக் காவலையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கிக் கிடக்கும்போது அந்த இன்ஜினை வயல் தண்ணீர் இறைக்க வாடகைக்கு அனுப்புவார்கள், மாட்டுக்குப் பின்னால் கன்று போவதுபோல இவரும் கூடவே போவார். காதைக் கெடுத்ததே அந்த இன்ஜின்தான் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. உப்பளத்தில் இன்ஜின் ஓட்டுகிற ஆட்கள் பலரும் இதே வைத்தியத்தைத்தான் செய்துகொள்கிறார்கள் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. விஷத்துக்கு அதே விஷத்தைக் குடிப்பதுபோல. அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது?

தை பிறந்ததும் குத்தகைக்காரர் கார்த்திகேசன் சோலார் மோட்டார் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, டீசல் விற்கிற விலைக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். புது மோட்டார் தண்ணீருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு சத்தமே இல்லாமல் இறைத்தது. பழைய இன்ஜின் காயலான் கடைக்குப் போனது. சகாதேவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, பலகை பிடித்து உப்பு வாரச் சொன்னார்கள். பகல் எப்படியோ கழிந்தது. ராத்திரிக்கு அவர் வீட்டுக்கு வந்தார்.

முதல் வாரம் டிவியை ஓட விட்டுப் படுத்தாராம். பிறகு மிக்ஸியை வெறுமனே ஓட விட்டதில் அது புகைந்துபோனது. அதற்குப் பிறகு பஸ். சாயங்காலம் மரக்காணத்தில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டியை ஒட்டி இருக்கிற சீட்டில் உட்கார்ந்து புதுச்சேரி வரைக்கும் தூங்குவது, அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டே திரும்புவது. கண்டக்டர்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டார். ஒருவர் டிக்கெட்கூட வாங்குவதில்லையாம். ஆனால் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தை வைத்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள் வெயிலில் நிற்பான்? பாத்தியில் இரண்டு முறை சுருண்டு விழுந்திருக்கிறார்.

“பேயி புடிச்ச மாரி செவுத்துல தலைய வெச்சி முட்டிக்கினு இருக்குறாரு. இந்த சீட்டுல நோவு இல்லன்னு போட்டுருக்குதாமே. இல்லாத நோவுக்கு ஏன்மா மனுசன் செவுத்துல முட்டுறான்?”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது. அவர் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாக எழுதவில்லை. தாளில் இருந்த கேள்விகள் படிக்கத் தெரிந்த, ஓட்டலுக்குப் போகிற, வீட்டில் படுத்துத் தூங்குகிற ஆளுக்காக எழுதப்பட்டவை. அப்படி எதுவுமே இல்லாத வாழ்க்கைக்கு அதில் பூஜ்யம்தான் விழும். இல்லாதவனுக்கு எல்லாமே இல்லை. அதை அன்றைக்கே கண்டுபிடிக்க ஒரு குறுக்குக் கேள்வி போதும், நான்தான் கேட்காமல் விட்டேன்.

அன்றைக்கே வைஜெயந்தி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒருவரிடம் மறுபடி கேட்க வேண்டுமென்றால் ஆறு மாதம் கழிய வேண்டும், அது ஆய்வின் விதி என்றார். பங்குனிக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம், அவரை அதுவரை சமாளிக்கச் சொல் என்றார். நானும் அதை அப்படியே அம்சவள்ளியிடம் சொன்னேன். இன்னும் எட்டே வாரம் அக்கா என்றேன், என்னவோ எட்டு நிமிடம் மாதிரி.

அந்த எட்டு வாரத்துக்குள் மாசி மகம் வந்தது. சாமிகளைக் கடலுக்குக் கொண்டுவந்து தீர்த்தவாரி நடத்துகிற நாள், கடற்கரை முழுக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் காது சுத்தம் செய்கிற ஒருவன் சிவப்புத் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். ஊசி, பஞ்சு, சின்னச் சின்னக் குப்பிகள். சர்க்கார் சீட்டே நோய் இல்லை என்கிறது, ஆனால் சத்தம் கேட்கிறது, அப்படியானால் உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது என்றுதான் சகாதேவன் நினைத்திருக்கிறார். எங்களுடையது சர்க்கார் சீட்டு இல்லை, ஆனால் முத்திரை குத்தியிருந்தால் எல்லாம் சர்க்கார்தான். அவனிடம் போய் உட்கார்ந்தார். பூச்சி இருக்கிறது என்று சொல்லி அவன் எதையோ இழுத்துக் காட்டினான். வெள்ளையாக, புழு மாதிரி இருந்ததாம். விரலிடுக்கில் ஏற்கெனவே வைத்திருந்த பஞ்சு நூலாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு காதிலும் ஏதோ எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினான்.

அன்று ராத்திரி சகாதேவன் சத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்லிச் சந்தோஷமாகச் சாப்பிட்டாராம். மூன்றாம் நாள் இரண்டு காதிலிருந்தும் சீழ் வந்தது.

பங்குனிக் கடைசியில் நான் கேள்வித்தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒண்டுக் குடித்தன வரிசையில் நடு வீடு, இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். சகாதேவன் பாதியாகத் தேய்ந்திருந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, வாம்மா என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் கேள்வியைப் படித்தேன். கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். பஞ்சை எடுத்துவிட்டு, வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினேன். அப்போது கேட்டது. ஆனால் அவருக்கு மட்டுமா கேட்டது? தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தத் தாளில் இருக்கிறவை தெருவில் நின்று கத்துகிற கேள்விகளா? உங்களுக்கு அழுகை வருகிறதா? மனைவியிடம் சண்டை போடுகிறீர்களா? வாழ்க்கையே வெறுத்துப்போகிறதா? நான் கத்தினேன். அவர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். முன்பு சொன்ன இல்லை வேறு, இது வேறு. அது உண்மை, இது மானம்.

ஏழாவது கேள்வியோடு தாளை மூடினேன். அவர்கள் சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்ற விதியை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தேன். அவரையும் அம்சவள்ளியையும் அழைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தேன். நண்பகல், வேலையாட்கள் எல்லாரும் போயிருந்தார்கள். நாலாபுறமும் வெள்ளைப் பாத்திகள், கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். வரப்பில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். முதலிலிருந்து மறுபடி கத்தினேன்.

அங்கே சகாதேவன் பதில் சொன்னார். தூங்கி எத்தனை நாளாயிற்று என்று நானே சேர்த்துக் கேட்டேன், ஒழுங்காகத் தூங்கியது இன்ஜின் போவதற்கு முந்தைய நாள் என்றார். சத்தத்தில் மனைவி கூப்பிட்டதுகூடக் கேட்காமல், அவள் தோளைத் தொட்டதும் எரிச்சலில் ஒருநாள் அவளை அடித்துவிட்டதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டார். வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று இரண்டாம் முறையாகக் கத்தினேன்.

“தெனமும்மா. செத்தா நிக்குமான்னு தெரிஞ்சா போயிடுவேன். அப்பவும் கேட்டுக்கினு இருந்தா இன்னா பண்றது, அந்த பயந்தான்.”

எண்பத்தாறு மதிப்பெண் வந்தது. அந்தச் சொற்களைத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, அன்றே மேடத்துக்கு அனுப்பினேன். மேடம் உடனே புதுச்சேரியில் மனநல மருத்துவருக்கும் காது மருத்துவருக்கும் ஏற்பாடு செய்தார். அது பெரிய உதவி, மறுக்க முடியாது. தூங்க மாத்திரை கொடுத்தார்கள், மாதம் ஒருமுறை பேசப் போனார். கருவிக்கான பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. பட்டியல் மதிப்பெண்ணை வைத்துப் போடப்பட்டது, காதை வைத்து அல்ல. புரட்டாசியில் கேள்வித்தாளோடு சேர்த்து எடுத்த காதுப் பரிசோதனையே போதும் என்று விட்டுவிட்டார்கள். கத்தினால்தான் கேட்கிற காதுக்கு அந்த மழைச் சத்தம் எட்டுமா என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கிடைக்கிறது கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

கருவி ஆனியில் வந்தது. நானே எடுத்துப் போனேன். அதற்குள் சீழ் நின்றிருந்தது, சீழோடு மிச்சமிருந்த கொஞ்சநஞ்சக் கேட்கும் திறனும் போயிருந்தது. சீழ் உள்காது வரை இறங்கிவிட்டது, செவிப்பறை இரண்டும் அரித்துப்போய்விட்டன என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். இப்போது கத்தினாலும் கேட்பதில்லை, அம்சவள்ளி கையால் ஜாடை காட்டுவார். அந்தக் ‘கூ’ மட்டும் அப்படியே இருந்தது. வெளியே எதுவும் கேட்காததால் இன்னும் பெரிதாகிவிட்டது என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், அதைத்தான் அன்று நான் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

இருந்தாலும் மாட்டினேன். அவர் முகத்தை நன்றாகத் துடைத்து, தலை வாரி, போட்டோ பிடிக்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தம் வரும் என்று அம்சவள்ளி விரல்களை மேலிருந்து கீழே அசைத்துக் காட்டினார். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்க ஏற்றினேன். அறையின் மறுகோடியில் நின்ற அம்சவள்ளி, எனக்கே கேட்கிறதே என்றார். எனக்கும் கேட்டது. ஓட்டின் மேல் தூறல் விழுகிற சத்தம்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். நான் கருவியை நிறுத்தினேன். அம்சவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். சகாதேவன் அவரைப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். பிறகு காதில் இருந்த கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, முகத்தை மலர்த்தினார்.

“இப்ப கேக்குதும்மா. மழ மாரியே இருக்குது. நல்லா இருக்குது.”

நிறுத்திய கருவி அவர் காதில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. கருவி பயன் தருகிறதா என்று கேட்கிற பத்துக் கேள்விகள் கொண்ட வேறொரு தாளை நான் அன்றே நிரப்பியாக வேண்டும். பையிலிருந்து அதை எடுத்தேன். எழுத்து தெரியாத மனிதர், ஆனால் தாள் என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே, கேட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது, அவரே சொன்னார்.

“எல்லாத்துக்கும் ஆமான்னு எழுதிக்கோம்மா. நீயும் எத்தினி வாட்டிதான் அலைவ.”

பத்துக் கட்டத்திலும் ஆமாம் என்று கோடு போட்டேன். அவர் கட்டைவிரலை நீட்டினார். நான் மை தடவினேன்.